‘கண்டேன்’ என்ற சொல்லின் காலம்

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் சிறுவனுக்கு ஆசிரியர் முதற்கண் உணர்த்துவனவற்றுள் ஒன்று, வினைச்சொல் காலம் காட்டும் என்பதாகும். ‘கண்டேன்’ என்றால் இறந்தகாலம். ‘காண்கிறேன்’ என்றால் நிகழ்காலம். ஏட்டில் இவ்வேற்றுமை ஓரிரு எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. வானத்திலோ அது நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்திருக்கிறது. பயிற்சி விமானங்களும் பயணிகள் விமானங்களும் அருகருகே பறக்கும் நிலையங்களின் வரலாற்றில் இவ்வொரு சொல் பட்ட பாட்டையும் படுத்திய பாட்டையும் ஈண்டுச் சற்றே விரிவாக நோக்க விழைகிறோம்.

விமானங்களுக்கு வழிகாட்டும் தொழில் கொடியிலிருந்து தொடங்கியது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர விமானத் திடலில் ஆர்ச்சி லீக் என்பவர் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். ஒரு தள்ளுவண்டியில் மடக்கு நாற்காலியும் குடையும் குறிப்பேடும் இரண்டு கொடிகளும் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், ஓடுபாதையின் ஓரத்தில் அமர்ந்துகொள்வார். சிவப்புக் கொடி காட்டினால் நிற்க வேண்டும். கட்டம் போட்ட கொடி காட்டினால் புறப்படலாம். அவ்வளவே அன்றைய ஏற்பாடு. அடுத்த ஆண்டிலேயே கிளீவ்லாந்து நகரில் வானொலி பொருத்திய கோபுரம் எழுந்தது. கொடி போய்ச் சொல் வந்தது. கொடியைப் பார்த்தவனுக்கு ஐயம் எழ இடமில்லை, சிவப்பு சிவப்புத்தான். சொல்லோ வாயிலிருந்து காதுக்குப் போகும் வழியில் எத்தனையோ உருமாற்றம் கொள்ளக் கூடியது.

பயிற்சி நிலையம் ஒன்றின் வான்வெளி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தாலன்றி இதன் கடுமை விளங்காது. மாணவன் ஓடுபாதையிலிருந்து எழுகிறான், திரும்புகிறான், தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கிறான், மீண்டும் இருமுறை திரும்பி இறங்குகிறான். சக்கரம் தரையைத் தொட்டதும் நில்லாது மறுபடியும் எழுகிறான். செக்கு மாடு சுற்றுவதுபோல ஒரு மணி நேரத்தில் பலமுறை இச்சுற்று நிகழும். இத்தகைய சுற்றில் ஒரே நேரத்தில் ஐந்தாறு விமானங்கள் இருக்கும். அவற்றுக்கிடையே, வெளியூரிலிருந்து விரைந்து வரும் பெரிய விமானமும் வந்து புகும். எல்லாருக்கும் வானொலி அலைவரிசை ஒன்றே. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாது. இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் கீச்சொலியில் மாய்ந்துபோகும். கோபுரத்தில் இருப்பவர் கூறும் கட்டளையை விமானி திரும்பக் கூற வேண்டும் என்பது விதி. முதன்முறை தனியே பறக்கும் மாணவனுக்கு விமானத்தை நிமிர்த்திப் பிடிப்பதே பெரும்பாடு; அந்நிலையில் திரும்பக் கூறியதெல்லாம் புரிந்து கூறியதாகிவிடாது.

கண்ணின் வலிமையையும் இங்கே அளந்து பார்க்க வேண்டும். நேர்ப்பாதையில் மாறாத வேகத்தில் செல்லும் இரண்டு விமானங்கள் ஒரே புள்ளியை நோக்கிச் செல்லுமானால், ஒன்றின் கண்ணாடியில் மற்றொன்று ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். அசைவதைத்தான் கண் எளிதில் பற்றும். அசையாத சிறு புள்ளி, கண்ணாடியில் ஒட்டிய தூசியைப் போல் நெடுநேரம் இருந்து, இறுதிச் சில வினாடிகளில் திடீரெனப் பெருத்துத் தோன்றும். மோதப் போகும் விமானமே காண்பதற்கு மிக அரிய விமானம் என்பது இயற்கை விதித்த கொடுமை. அதன்மேல், இறக்கை மேலே அமைந்த விமானத்தில் மேற்புறம் மறையும். இறக்கை கீழே அமைந்ததில் கீழ்ப்புறம் மறையும்.

இவையெல்லாம் இருந்தும், ‘பார், பார்க்கப்படு’ என்ற நெறியே நெடுங்காலம் வானத்தின் சட்டமாக விளங்கியது. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் 21,000 அடி உயரத்தில் இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் மோதி 128 பேரும் மாண்டபோதுதான் அச்சட்டத்தின் வறுமை நாடறிய வெளிப்பட்டது. 1958இல் கூட்டாட்சி விமான அமைப்பு சட்டத்தால் நிறுவப்பட்டது, ராடார்கள் பெருகின. ஆனால் பழைய நெறி மறையவில்லை. நிலையத்தை நெருங்கும் விமானி, எதிரே செல்லும் விமானத்தைக் கண்டுவிட்டதாக வானொலியில் கூறிவிட்டால், அந்தக் கணத்திலிருந்து இடைவெளி காக்கும் பொறுப்பு கட்டுப்பாட்டாளரிடமிருந்து விமானிக்கு மாறிவிடும் என்ற வழக்கம் நிலைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு அவர்கள் வழங்கும் சொற்றொடரில் வினைச்சொல்லே இல்லை. ‘போக்குவரத்து, பார்வையில்’ என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. வினையில்லாத இடத்தில் காலம் ஏது? எப்போது பார்வையில் இருந்தது, இன்னும் இருக்கிறதா என்பதெல்லாம் அச்சொற்றொடருக்கு வெளியே நிற்கும் வினாக்கள்.

அவ்வினாக்கள் விடையின்றி நின்ற நாள் 1978 செப்டம்பர் 25.

கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் லிண்ட்பர்க் என்னும் பெரிய விமான நிலையம் ஒன்றுண்டு. அதற்கு வடக்கே சில மைல் தொலைவில் மாண்ட்கோமரி என்னும் சிறிய நிலையம். பயிற்சி விமானங்களின் உறைவிடம். முகில் மூடிய நாளில் வெளியே பாராது, கருவிகளை மட்டும் நம்பி இறங்குவதற்குரிய வானொலிக் கற்றைச் சாதனம் அன்று சிறிய நிலையத்தில் இல்லை. பெரிய நிலையத்தில்தான் இருந்தது. ஆகவே அக்கலையைப் பயில விரும்பிய ஒவ்வொருவரும் ஜெட் விமானங்கள் இறங்கும் வாயிலுக்கே சென்று பயில வேண்டியிருந்தது. விபத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பது நம் கருத்து. ஒரு சாதனத்தைச் சிறிய நிலையத்தில் முன்னரே நிறுவியிருந்தால், பின்னர் நேர்ந்த எதுவும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை.

அன்று காலை எட்டேகால் மணியளவில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் மாண்ட்கோமரியிலிருந்து எழுந்தது. அதில் ஆசிரியர் ஒருவர். முன்பே உரிமம் பெற்று, கருவிப் பறத்தலுக்கான தகுதியை நாடிய மாணவர் ஒருவர். லிண்ட்பர்க்கில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இருமுறை இறங்குவதுபோல் பயின்றுவிட்டு, தரையைத் தொடாமலே வடகிழக்காக மேலேறினர். அப்போது கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு 70 பாகைத் திசையில், 3,500 அடிக்கு மேற்படாமல் பறக்குமாறு கூறினார். அவர்கள் ஏற்றனர். ஆயின் சற்று நேரத்தில் அவ்விமானம் எவருக்கும் அறிவியாமல் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 20 பாகை திரும்பிற்று. ஏன் திரும்பியது என்பதைச் சொல்ல அவ்விருவரும் உயிரோடில்லை.

அதே வேளையில் பசிபிக் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 182ஆம் எண் போயிங் 727, சாக்ரமென்டோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 135 பேருடன் வந்துகொண்டிருந்தது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இறங்க வேண்டியிருந்ததால், முதலில் ஓடுபாதைக்கு இணையாகக் கிழக்கே பறந்தாக வேண்டும். செஸ்னா திரும்பிய திசையும் அதுவே. வானம் தெளிவாக இருந்தது. பத்து மைல் வரை பார்வை எட்டியது.

கட்டுப்பாட்டாளர் ஜெட் விமானத்துக்கு முன்னே ஒரு செஸ்னா ஏறிக்கொண்டிருப்பதை எச்சரித்தார். கண்டுவிட்டதாகத் துணைவிமானி முதலிலும் தலைமை விமானி அடுத்தும் கூறினர். கண்ணால் இடைவெளி காக்குமாறு கட்டளை பிறந்தது. கோபுரத்தை அழைக்குமாறு கூறி, நல்வாழ்த்தும் சொல்லி அனுப்பினார் கட்டுப்பாட்டாளர். அதன்பின் அவர் செஸ்னாவை அழைத்து, பின்னால் இரண்டு மைலில் ஒரு ஜெட் வருகிறது, அது உங்களைக் கண்டுவிட்டது என்று தெரிவித்தார். சரி என்றனர் செஸ்னாவினர்.

இந்தச் ‘சரி’யின்மீது நாம் சற்றே தங்கி நிற்க வேண்டும். செஸ்னாவில் இருந்தோருக்குப் பின்புறத்தைக் காணும் வழியில்லை. பின்னால் மேலிருந்து வருவதை மறைக்கத் தலைக்குமேல் இறக்கை வேறு. அவர்களுக்கு இருந்த ஒரே காப்பு, பிறன் ஒருவனின் கண். அந்தக் கண் தம்மைக் கண்டுகொண்டிருக்கிறது என்ற செய்தி ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வழியாக அவர்களை வந்தடைந்தது. நம்பினார்கள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் ‘கண்டது’ என்று அவர்களிடம் சொல்லப்பட்ட செய்தி, ‘காணவில்லை’ என்று மாறியபோது அம்மாற்றத்தை அவர்களிடம் கொண்டு சேர்க்க எவரும் இல்லை.

மாற்றம் சில வினாடிகளிலேயே நேர்ந்தது. கோபுரத்திலிருந்தவர் ஒரு மைல் முன்னே செஸ்னா உள்ளது என்று மீண்டும் எச்சரித்தார். நாம் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானா என்று ஜெட்டின் விமானிகள் தமக்குள் கேட்டுக்கொண்டனர். ஆம், ஆனால் இப்போது தெரியவில்லை என்ற பேச்சு அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. கோபுரத்துக்குத் தலைமை விமானி கூறியது வேறு: சற்று முன்பு அங்கே இருந்தது என்றார். தொடர்ந்து, அது நம் வலப்புறமாகக் கடந்துவிட்டதென்று எண்ணுகிறேன் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் சொன்னார். கோபுரத்தில் இருந்தவர் காதில் விழுந்ததோ, கடந்துகொண்டிருக்கிறது என்பதாக. சொன்னவர் ஊகத்தைச் சொன்னார். கேட்டவர் காட்சியைக் கேட்டார். ஆங்கிலத்தில் அச்சொல்லின் ஈற்றசை ஒன்றே இவ்விரண்டையும் பிரிப்பது. இறந்தகாலம் நிகழ்காலமாக உருமாறிய அந்த நொடியில், எச்சரிக்க வேண்டியவர் அமைதி கொண்டார்.

அறைக்குள் நடந்த உரையாடலைப் பதிவுக் கருவி காத்து வைத்திருக்கிறது. அந்தச் செஸ்னாவைத் தாண்டிவிட்டோமா என்று துணைவிமானி வினவுகிறார். தாண்டியிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். அப்படித்தான் என்று நினைக்கிறேன் என்கிறார் மற்றவர். சிரிப்பொலி எழுகிறது. திரும்புவதற்கு முன் அதைப் பார்த்தேன், இப்போது நமக்குப் பின்னால் இருக்கக்கூடும் என்று தலைமை விமானி முடிக்கிறார். நால்வரும் அனுபவம் மிக்கவர்கள், கவலையற்றவர்கள் அல்லர். கேள்வி அவர்கள் நெஞ்சில் இருந்தது. அதைக் கேட்க வேண்டிய இடம் வானொலி என்பதுதான் தோன்றவில்லை.

மோதலுக்கு 19 வினாடிகளுக்கு முன், ராடார்க் கட்டுப்பாட்டு அறையில் மோதல் எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. அதையும் எவரும் பொருட்படுத்தவில்லை. ஜெட்தான் சிறு விமானத்தைக் கண்டுவிட்டதே! கண்ணின் சொல் கருவியின் ஓலத்தை அடக்கிவிட்டது. 9 மணி 1 நிமிடம் 47 வினாடிக்கு, 2,600 அடி உயரத்தில், போயிங் பின்னும் மேலும் இருந்து செஸ்னாவின்மீது இறங்கியது. அதே தருணத்தில் கட்டுப்பாட்டாளர் செஸ்னாவை அழைத்து, அருகே ஒரு ஜெட் உள்ளது, அது உங்களைக் கண்டுகொண்டது என்று மீண்டும் கூறிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. நார்த் பார்க் என்ற குடியிருப்பில் போயிங் விழுந்தது. விமானங்களில் இருந்த 137 பேரும், தரையில் தம் வீடுகளிலும் தெருவிலும் இருந்த 7 பேரும் மாண்டனர். அமெரிக்க மண்ணில் அதுவரை நேர்ந்த விமான விபத்துகளில் அதுவே மிகப் பெரிது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1979 ஏப்ரலில் அறிக்கை தந்தது. கண்பார்வையில் இல்லை என்பதை அறிவியாத விமானிகளின் தவறே முதற்காரணம் என்றது. ராடாரால் இடைவெளி காக்கும் ஆற்றல் கையிலிருக்கவும் கண்பார்வையை நம்ப இடந்தந்த நடைமுறையைத் துணைக்காரணமாகக் கூறியது. வாரிய உறுப்பினர் பிரான்சிஸ் மக்காடம்ஸ் மறுத்து எழுதினார். நடைமுறையின் குறையும் விமானிகளின் குறையோடு ஒப்ப வைத்து எண்ணத் தக்கது என்பது அவர் வாதம். 1982இல் வாரியம் தன் முடிவைத் திருத்தி, செஸ்னா திசை மாறியது, எச்சரிக்கைக் கருவியைக் கையாண்ட முறை முதலியவற்றையும் காரணங்களில் சேர்த்தது. நாம் மக்காடம்ஸின் பக்கமே சாய்கிறோம். பல வண்ணக் கூரைகள் பரந்த நகரத்தின் பின்னணியில், தன்னோடு ஒரே திசையில் செல்லும் சிறு விமானம் கண்ணில் நிலைக்காது என்பதை அவ்வாரியமே ஆய்ந்து கண்டது. நிலைக்காத ஒன்றைக் கண்டுகொண்டே இருக்குமாறு பணித்துவிட்டு, நிலைக்காதபோது பணிக்கப்பட்டவனை மட்டும் குறைகூறுவது நடுவுநிலை ஆகாது.

பிறகு மாண்ட்கோமரியில் அந்தச் சாதனம் நிறுவப்பட்டது. 1980இல் சான் டியாகோவின் வான்வெளி, அனுமதியின்றிப் புகலாகாத கட்டுப்பாட்டுப் பகுதியாயிற்று. எனினும் வேலி இட்டதனாலேயே காவல் முடிந்துவிடவில்லை. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிடோஸ் என்னும் ஊரின் மேல், அத்தகைய பகுதிக்குள் அனுமதியின்றிப் புகுந்த சிறு விமானம் ஒன்றின்மீது மெக்சிகோவிலிருந்து வந்த பயணிகள் விமானம் மோதி, தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் மாண்டனர். அதன் விளைவாகவே, விமானங்கள் ஒன்றுக்கொன்று வினவி, மேலே ஏறு, கீழே இறங்கு என்று விமானிக்குக் கட்டளையிடும் மோதல் தவிர்ப்புக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கி 1987இல் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றியது. அருமையான கருவி. ஆனால் பயிற்சி விமானங்களில் அது பொதுவாக இருப்பதில்லை. இருக்கும் விமானங்களிலும் தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே அது கட்டளையிடாது அடங்கிவிடும். மாணவர்கள் சுற்றிவரும் உயரமும் அதுவே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

மொழியால் வரும் இடர் மற்றொன்று. கனடாவில் மாண்ட்ரியல் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் ஹூபர்ட் நிலையம் பயிற்சி விமானங்களால் நிறைந்தது. 2017 மார்ச் 17 அன்று அங்கிருந்து எழுந்த ஒரு சிறு விமானமும் அங்கே திரும்பிய மற்றொன்றும் 1,500 அடி உயரத்தில் மோதி, கீழே இருந்த ஒரு பெரிய அங்காடியின் கூரைமேலும் வண்டி நிறுத்துமிடத்திலும் விழுந்தன. ஒரு மாணவர் மாண்டார், மற்றவர் படுகாயமுற்றார். இருவரும் சீனாவிலிருந்து பயில வந்தவர்கள். ஒவ்வொருவரும் தனியே பறந்தனர். புறப்பட்டவர் தாழ்ந்தும் திரும்பியவர் உயர்ந்தும் இருக்குமாறு உயர வரம்புகள் விதிக்கப்பட்டிருந்தும், அவ்வரம்புகள் வானில் நிலைபெறவில்லை. பறக்கும் திறனும் ஆங்கிலப் புலமையும் பல படித்தரங்களில் உள்ளோர் ஒரே வான்வெளியில் குவிவது கட்டுப்பாட்டாளரின் சுமையை எவ்வாறு ஏற்றுகிறது என்பதை அந்நாட்டு ஆய்வு எடுத்துரைத்தது. பிறந்த மொழியில் அல்லாது கற்ற மொழியில், அதுவும் இரைச்சலுக்கிடையே, ஓர் எண்ணைக் கேட்டு நினைவில் நிறுத்துவதன் அருமையை வெளிநாட்டில் பணிபுரிந்து திரும்பிய நம்மவர் நன்கறிவர்.

டென்வருக்கு அருகே சென்டென்னியல் நிலையத்தில் 2021 மே 12 அன்று நேர்ந்ததோ வியக்கத்தக்கது. இணையான இரண்டு ஓடுபாதைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டாளர், ஓர் அலைவரிசை. வலப்பக்கப் பாதைக்கு வந்த சிரஸ் என்ற சிறு விமானத்துக்கு, அதன் முன்னே செல்லும் சிறு விமானமும் அடுத்த பாதைக்கு வரும் மெட்ரோலைனரும் அறிவிக்கப்பட்டன. கண்டதாகவே அதன் விமானி விடையிறுத்தார். ஆனால் மிகுந்த வேகத்தில் திரும்பியதால் தன் பாதையைத் தாண்டிப் போய் மெட்ரோலைனரின் முதுகை அறுத்தார். மெட்ரோலைனரின் விமானிக்குச் சிரஸைப் பற்றி எவரும் கூறியிருக்கவில்லை. உடற்பகுதியின் பெரும்பங்கு பிளந்து வானம் தெரிய, அவர் ஒரு கீறலுமின்றி இறங்கினார். சிரஸோ தன் முழு உடலையும் தாங்கும் குடையை விரித்துக்கொண்டு தரையை அடைந்தது. அதிலிருந்த இருவரும் நடந்தே வெளியே வந்தனர்.

எல்லாருக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் நகரின் ரீகன் நிலையத்தில் இறங்கவிருந்த ஜெட் விமானத்தை இயக்கியது பி.எஸ்.ஏ. என்னும் நிறுவனம். சான் டியாகோவின் பழைய நிறுவனம் 1988இலேயே மற்றொன்றோடு இணைந்து மறைந்துவிட்டது. அதன் பெயர் மட்டும் பின்னர் இந்நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. பொடோமாக் ஆற்றின் மேல், இராணுவ ஹெலிகாப்டர் ஒன்று விமானியின் ஆண்டுத் தேர்வுக்காகப் பறந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் ஒருவரே ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் இரு அலைவரிசைகளில் கவனித்தார். ஒன்றில் பேசியது மற்றொன்றில் இருந்தவருக்குக் கேளாது. ஜெட் வளைந்து வேறோர் ஓடுபாதைக்கு வருகிறது என்ற செய்தியில் ‘வளைந்து’ என்ற சொல் ஹெலிகாப்டரின் பதிவில் இல்லை. அதன் பின்னால் கடந்து செல்க என்று இறுதியில் பிறந்த கட்டளையிலும் முக்கியமான சொற்கள், அதே கணத்தில் ஹெலிகாப்டரின் ஒலிவாங்கி அழுத்தப்பட்டதால் அமுங்கிப்போயின.

இருமுறை கேட்கப்பட்டபோதும் ஹெலிகாப்டரிலிருந்து வந்த விடை ஒன்றே: விமானம் பார்வையில், கண்ணால் இடைவெளி காக்க அனுமதி வேண்டும். இருமுறையும் அனுமதி கிடைத்தது. ஜெட்டின் மோதல் தவிர்ப்புக் கருவி அருகே ஒரு விமானம் உள்ளதென எச்சரித்தது. தாழ்ந்த உயரமாதலால் ஏறு என்றோ இறங்கு என்றோ அது கட்டளையிடவில்லை. 200 அடிக்கு மேற்படலாகாத பாதையில் பறந்த ஹெலிகாப்டர், ஏறத்தாழ 300 அடி உயரத்தில் ஜெட்டோடு மோதியது. ஜெட்டில் 64 பேர், ஹெலிகாப்டரில் மூவர், ஒருவரும் பிழைக்கவில்லை. ஹெலிகாப்டர்களுக்கென வகுக்கப்பட்டிருந்த அந்த ஆற்றுப் பாதையின் அப்பகுதி 2025 மார்ச்சில் நிலையாக மூடப்பட்டது.